பல வருஷம் கழிச்சு மறுபடியும் சைக்கிளா? ரோடு பைக் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

ப்ளஸ் ஒன்ல அரசு கொடுத்த சைக்கிள். இல்லைன்னா அப்பாவோ அண்ணனோ ஓட்டிய பழைய சைக்கிள். காலேஜ் சேர்ந்ததும் பஸ், வேலை கிடைச்சதும் டூவீலர். நம்மில் பலருடைய சைக்கிள் வரலாறு இந்த மூணு வரியில் முடிஞ்சிடும்.

இப்போ பத்து, பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் ஆசை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர் பக்கம் போனால், வளைந்த ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பறக்கிறார்கள். வீட்டில் 'பைக் வாங்கப் போறேன்' என்று சொன்னால் புல்லட் என்று நினைக்கிறார்கள். 'இல்லம்மா, சைக்கிள்' என்றதும், 'சைக்கிளுக்கா இவ்ளோ காசு?' என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஏனென்றால், ஆசையாக வாங்கிய பல சைக்கிள்கள் மூன்றே மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறிவிடுகின்றன. அதற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் இல்லை. கை மரத்துப் போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, முட்டி வலிக்கிறது. ஏறினாலே வலிக்கிற வண்டிக்காக யாரும் தினமும் அஞ்சு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திரிக்க மாட்டார்கள். எனவே, அன்று ஓட்டிய உங்களுக்காக வாங்காமல், இன்றைக்கு இருக்கிற உங்கள் உடம்புக்கும், உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிற ரோட்டுக்கும் பொருந்துகிற சைக்கிளை வாங்குங்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்க விட்டுட்டுப் போன சைக்கிள் இது இல்லை

கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டு எல்லாம் சேர்ந்து நம் பழைய சைக்கிள் 20 கிலோவை ஒட்டி இருக்கும். இன்றைய ஆரம்பநிலை ரோடு பைக் 10, 11 கிலோதான். சர்வதேசப் போட்டிகளில், 6.8 கிலோவுக்குக் கீழே எடை இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. எடை குறைவு என்பதற்காக மேலே சொன்ன எதுவும் இதில் வராது. ஸ்டாண்டுகூட இருக்காது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம், கியர் மாற்ற ஹேண்டில் பாரிலிருந்து கையை எடுக்க வேண்டாம். பிரேக் லிவரிலேயே கியரும் இருக்கும். டயர் விஷயத்திலும் நினைப்பு மாறிவிட்டது. 'டயர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம்' என்று ஒருகாலத்தில் 23 மி.மீ டயர் போட்டார்கள். இன்றைக்கு 28 மி.மீ சாதாரணம், 32 மி.மீ வரைகூடப் போடுகிறார்கள். கரடுமுரடான ரோட்டில் அகலமான டயர் அதிர்வை உள்வாங்கிக்கொண்டு நன்றாக உருளும் என்று புரிந்துவிட்டது. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2018-ல் முழுமையாக அனுமதித்தது. அதன் பிறகு டிஸ்க் பிரேக்தான் எங்கும் சகஜம்.

ஆக, பத்து வருஷத்துக்கு முன்னால் நண்பர் சொன்ன அட்வைஸை இப்போது தூசி தட்டி எடுக்க வேண்டாம்.

முதல் கேள்வி: எங்கே ஓட்டப் போறீங்க?

ஷோரூமில் நுழைவதற்கு முன்பே இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ரோடு பைக் மாதிரி தெரிகிற எல்லாமே ஒன்றில்லை.

ரேஸ் வகை: நன்றாகக் குனிந்து ஓட்டுகிற அமைப்பு. பார்க்க செம ஸ்டைலாக இருக்கும். ஆனால், தினமும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இறுகிப்போன முதுகுக்கு முதல் வண்டியாக இது சரிப்படாது.

எண்டியூரன்ஸ் வகை: அதே வளைந்த ஹேண்டில் பார்தான், ஆனால் கொஞ்சம் உயரமாகவும் கிட்டத்திலும் இருக்கும். வார இறுதியில் 40 முதல் 100 கிலோமீட்டர் வரை போகும் எண்ணம் இருந்தால், ரொம்ப நாள் கழித்து வருகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

கிராவல் வகை: அகலமான டயர் போட இடம் இருக்கும். மண் ரோடு, ஏரிக்கரை, பாதி போட்டு நிற்கிற கிராமத்துச் சாலை என்று கலந்து போகிறவர்களுக்கு நல்லது. தார் ரோட்டில் வேகம் கொஞ்சம் குறையும்.

ஹைபிரிட்: நேரான ஹேண்டில் பார், நிமிர்ந்து உட்காரலாம். லேப்டாப் பையோடு ஏழெட்டு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர இதுவே போதும். 'ரோடு பைக்தான் கெத்து' என்பதற்காக இதை ஒதுக்காதீர்கள்.

தவிர்க்க வேண்டியது ஒன்றுண்டு. முன்னாலும் பின்னாலும் ஸ்ப்ரிங் வைத்து, தடிமனான டயர் போட்டு, விலை மலிவாக வருகிற 'கியர் சைக்கிள்'. தார் ரோட்டில் நீங்கள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்ப்ரிங்கே சாப்பிட்டுவிடும். எடையும் அதிகம்.

சைஸ்: மற்ற எல்லாத்தையும் மாத்திக்கலாம், இதை முடியாது

டயர், சீட், பெடல், கியர் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். ஃப்ரேம் தப்பான சைஸ் என்றால் அதோடு முடிந்தது. 'பெருசா இருந்தா சீட்டை இறக்கிக்கலாம் சார்' என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். சீட்டை இறக்கலாம், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் இருக்கும் நீளம் குறையாது. அந்த நீளத்தை எட்டிப் பிடிக்கிறபோதுதான் கழுத்தும் தோளும் வலிக்க ஆரம்பிக்கும்.

வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டை நோட்டை இரண்டு காலுக்கும் நடுவில், சீட்டில் உட்காருகிற மாதிரி மேலே அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர்? அதுதான் உங்கள் காலின் உட்புற அளவு.

அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கட்டை சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய வந்துவிடும். உதாரணமாக, 80 செ.மீ என்றால் 70.6 செ.மீ. இது ஆரம்பப் புள்ளிதான். ஓட்டிப் பார்த்து அரை சென்டிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் எளிய வழி இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். பள்ளிக்கூட நாளில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முட்டி வலிக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தாழ்ந்த சீட்.

ஃப்ரேம் சைஸை 50, 52, 54 என்று சென்டிமீட்டரிலோ, எஸ், எம், எல் என்றோ எழுதியிருப்பார்கள். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியின் 'எம்' ஆக இருக்காது. அதனால் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில் சைஸ் சார்ட்டைப் பாருங்கள். அதில் 'ஸ்டாக்', 'ரீச்' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஸ்டாக் என்பது ஃப்ரேமின் முன்பக்க உயரம், ரீச் என்பது முன்னோக்கிய நீளம். இரண்டு சைக்கிளை ஒப்பிடும்போது, ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் இருப்பதில் நிமிர்ந்து உட்காரலாம்.

கை சிறியதாக இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், பிரேக் லிவர் விரலுக்கு எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல லிவர்களைக் கிட்டே கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம்.

கியர்: எத்தனை இருக்குன்னு எண்ணாதீங்க

'21 கியர், 24 கியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உங்களுக்கு முக்கியம் அந்த எண்ணிக்கை இல்லை, மிக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதுதான்.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கிற பழைய சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை சுற்று சுற்றும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இதுதான் காரணம். இன்றைய ரோடு பைக்கில் முன்னால் 50, 34 பற்களும், பின்னால் 11 முதல் 32 வரை பற்களும் இருந்தால், மிக லேசான கியரில் 34-க்கு 32. அதாவது பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்று. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ, என்றாவது ஒருநாள் ஏறிப் பார்க்க ஆசை இருந்தால் இந்த லேசான கியர்தான் முட்டியைக் காப்பாற்றும். முன்னால் 53, 39 என்று பெரிய பற்கள் இருந்தால் அது ரேஸ் ஓட்டுபவர்களுக்கானது.

ஷிமானோ பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரோடு வரிசையில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ் என்று படி ஏறும். கிளாரிஸில் பின்னால் 8 பல்சக்கரம், சோராவில் 9, டியாக்ராவில் 10. மேலே போகப் போக எடை குறையும், கியர் மாறுவது வழுவழுப்பாகும், விலையும் ஏறும். திரும்ப வருகிற ஒருவருக்கு கிளாரிஸோ சோராவோ தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

பிரேக்: உங்க ஊர் மெக்கானிக்கையும் சேர்த்து யோசிங்க

ரிம் பிரேக் என்பது பழைய பிரேக் கட்டை தத்துவம்தான். சக்கரத்தின் ஓரத்தைக் கட்டை அழுத்தும். எடை குறைவு, யார் வேண்டுமானாலும் ரிப்பேர் செய்யலாம். மழையில் ரிம் நனைந்தால் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

டிஸ்க் பிரேக், மழையிலும் மலை இறக்கத்திலும் நம்பகமானது. இதில் இரண்டு வகை. கேபிளில் இயங்குவது மெக்கானிக்கல். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது ஹைட்ராலிக். ஹைட்ராலிக்கில் ஒரு விரல் அழுத்தமே போதும், ஆனால் எண்ணெய் மாற்ற, காற்றுக்குமிழி எடுக்கத் தெரிந்த கடை பக்கத்தில் வேண்டும். சென்னை, கோவை மாதிரி நகரத்தில் இருந்தால் பிரச்னை இல்லை. அப்படி ஒரு கடைக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் மெக்கானிக்கல் டிஸ்க்கே நிம்மதி.

டயர், அப்புறம் யாரும் சொல்லாத அந்த வால்வு

நம்ம ரோட்டுக்கு 28 மி.மீ-யிலிருந்து 32 மி.மீ வரை நல்ல தேர்வு. வாங்கும்போதே, 'இந்த ஃப்ரேம்ல அதிகபட்சம் எத்தனை மி.மீ டயர் போகும்?' என்று கேளுங்கள். 25-க்கு மேல் போகாது என்றால் யோசியுங்கள்.

காற்றையும் கல்லு மாதிரி அடிக்க வேண்டாம். 70 கிலோ எடை உள்ளவர் 28 மி.மீ டயரில் 70, 80 பி.எஸ்.ஐ வைத்து ஆரம்பித்துப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஒல்லியான டயரில் காற்று சீக்கிரம் இறங்கும் என்பதால், வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இப்போது வால்வு. பழைய சைக்கிளில் வால்டியூப் இருந்தது. ரோடு பைக்கில் பெரும்பாலும் 'பிரெஸ்டா' என்கிற ஒல்லியான வால்வு வரும். அதன் நுனியில் இருக்கும் குட்டித் திருகை முதலில் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். பெட்ரோல் பங்க்கிலோ தெருமுனை பஞ்சர் கடையிலோ இருக்கிற பம்பு இதற்கு நேரடியாகப் பொருந்தாது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒரு பித்தளை அடாப்டரை சீட் பையில் போட்டு வையுங்கள். திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

ஃப்ரேம்: கார்பன் வேணுமா?

முதல் வண்டிக்கு அலுமினியம் போதும். எடை குறைவு, துருப்பிடிக்காது, விலை கட்டுப்படியாகும். கூடவே முன் ஃபோர்க் மட்டும் கார்பனாக இருந்தால், கைக்கு வரும் அதிர்வு குறையும். முழு கார்பன் ஃப்ரேம் லேசானது, ஆனால் விழுந்து அடிபட்டால் வெளியில் தெரியாத விரிசல் இருக்கலாம். ஸ்டீல் ஃப்ரேம் கொஞ்சம் கனம். ஆனால் நீண்ட தூரத்துக்கு இதமாக இருக்கும், பல வருஷம் உழைக்கும்.

மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃப்ரேமில் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்சக்கரம் அடிக்கிற சேறு முழுக்க உங்கள் முதுகில்தான் கோலம் போடும்.

பட்ஜெட்: எல்லாக் காசையும் சைக்கிளில் போடாதீங்க

கையில் 50,000 ரூபாய் இருந்தால், சைக்கிளுக்கு 42,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8,000 ரூபாய்க்குக் கட்டாயச் செலவுகள் காத்திருக்கின்றன.

• ஹெல்மெட்: உள்ளே சி.பி.எஸ்.சி அல்லது இ.என் 1078 தரக்குறியீடு இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.
• முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு லைட்: விடியற்காலை ஓட்டப் போகிற நீங்கள் லாரி டிரைவர் கண்ணில் பட வேண்டும். பகலிலும் பின் லைட் எரியட்டும்.
• பிரஷர் மீட்டர் உள்ள பம்பு, ஸ்பேர் டியூப், பஞ்சர் கிட்.
• நல்ல பூட்டு: சக்கரத்தோடு சேர்த்து ஃப்ரேமையும் ஒரு கம்பியில் பிணைக்க வேண்டும். இந்தச் சக்கரங்களை நொடியில் கழற்றிவிடலாம்.
• பேடட் ஷார்ட்ஸ்: உள்ளே உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். இல்லையென்றால் உராய்ந்து புண்ணாகும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் விலை அதிகமான ரோடு பைக்குகள் பெடல் இல்லாமலே விற்கப்படும். பில் போடும் முன் கேட்டுவிடுங்கள். ஷூவைப் பூட்டிக்கொள்கிற பெடலுக்கு அவசரமே இல்லை. டிராஃபிக்கில் சட்டென்று கால் ஊன்றப் பழகும் வரை சாதாரண பெடலே நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. பால்கனியில் துணி காயப்போட்ட அந்தச் சைக்கிள்கள்தான் பாதி விலைக்கு வருகின்றன! ஆனால், 'நல்ல டீல்' என்று சைஸ் பொருந்தாததை மட்டும் எடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவை பூஜ்யத்தில் வைத்தால், புது செயினில் 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக வரும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா, ஃப்ரேமின் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லும் ஃப்ரேம் நம்பரும் பொருந்த வேண்டும். பில் இல்லாத வண்டி யாரோ தொலைத்த வண்டியாக இருக்கலாம். பல கம்பெனிகளில் ஃப்ரேம் வாரன்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

கடையில் அந்தப் பதினைந்து நிமிஷம்

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால், பெட்டியில் வருகிற சைக்கிளை ஹேண்டில் பார், பெடல், பிரேக் எல்லாம் சரியாகப் பூட்டிச் சரிசெய்ய வேண்டும். முதல் ரோடு பைக்கைக் கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது.

சீட் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓட்டுங்கள். பிரேக் லிவர்களின் மேல் கை வைக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா? எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறதா? ஆடினால் சீட் உயரம் அதிகம். ஒரு ஸ்பீடு பிரேக்கர் மீதும் ஏறி இறங்குங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் இருப்பவர்கள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

கடைக்காரர் டெஸ்ட் ரைடு தர மறுத்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.

முதல் மாசம் எப்படி?

மனசு இன்னும் பதினேழு வயசில்தான் இருக்கும், உடம்பு அப்படி இருக்காது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், இருபது முப்பது நிமிஷம் போதும். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். நிமிஷத்துக்கு 80 சுற்று வந்தால் நல்லது. கனமான கியரை அழுத்தி மிதிப்பது முட்டியைத்தான் பதம் பார்க்கும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதக் கடைசிக்குள் சைக்கிளிலேயே அந்தக் கணக்கைத் தொட்டுவிடலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள்.

உட்காரும் இடத்தில் முதல் சில நாள் வலி சகஜம். ஆனால், வேறு வலிகள் ஏதோ சொல்ல வருகின்றன. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். கைவிரல் மரத்தால் உடம்பின் பாரம் கையில் விழுகிறது. இடுப்புக்குக் கீழே மரத்துப் போனால் தாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது, சீட்டின் சாய்வையோ சீட்டையோ மாற்ற வேண்டும். வாங்கிய கடையிலேயே ஒரு மாதம் கழித்துப் போய் இதையெல்லாம் சொல்லி சரிசெய்துகொள்ளுங்கள். புது கேபிள்கள் லேசாகத் தளர்ந்திருக்கும், அதையும் அப்போதே இழுத்துக் கட்டிவிடுவார்கள்.

ஓட்டம் பழகியதும் ஒரு இலக்கு வேண்டுமென்றால், நீண்ட தூர ரைடு நடத்தும் ராண்டனூர் குழுக்கள் சென்னை உட்பட பல ஊர்களில் இருக்கின்றன. அவர்களின் முதல் படி, 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பது. அது ரேஸ் இல்லை, யாரையும் முந்த வேண்டாம், நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு நோட்டையும் டேப்பையும் எடுத்து, சுவர் ஓரமாக நின்று உங்கள் அளவை எடுங்கள். அந்த எண்ணை போனில் குறித்துக்கொண்டு இந்த வாரக் கடைசியில் கடைக்குப் போங்கள். கலரை அப்புறம் பார்த்துக்கலாம்.